அம்மன் வண்டிக்கு வாங்கிய வயரிங் செட்

ஆட்டோ எலக்ட்ரிக்கல் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சங்கத்தில் கேட்டார்கள். எதைப் பற்றி என்றேன். ‘பழைய வண்டிக்குப் புது வயரிங் செட் எப்படிப் பார்த்து வாங்குவது என்று எழுதுங்கள், அதில் உங்களுக்குத்தான் அனுபவம் அதிகம்’ என்றார் செயலாளர். அவருக்கு என் கதை தெரியாது. தெரிந்திருந்தால் முகத்தை அவ்வளவு மரியாதையாக வைத்துக்கொண்டு கேட்டிருக்க முடியாது. என் வாழ்நாளிலேயே நான் அதிகமாக யோசித்து, அலைந்து, ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு வாங்கிய வயரிங் செட் ஒன்று உண்டு. அது வண்டியில் ஏறி ஒரு பொழுது முழுதாக இருக்கவில்லை.

அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். எந்த வயரை எங்கே முடுக்குவது, எதற்கு எவ்வளவு பியூஸ் என்பதெல்லாம் உங்களுக்குச் செல்போனிலேயே கிடைக்கிறது. என்னைவிட அது தெளிவாகவும் சொல்கிறது. நான் சொல்லக்கூடியது நான் எப்படி முட்டாளானேன் என்பதை மட்டும்தான்.

எண்பதுகளின் நடுவில் விழுப்புரம் மாம்பழப்பட்டு ரோட்டில் எனக்குக் கடை இருந்தது. கடை என்றால் ஒரு தகரக் கொட்டகை, ஒரு பெஞ்சு, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஒரு பெட்டி. சுவரில் கண்ணாடி போட்ட சான்றிதழ் ஒன்று. மெட்ராசில் ஒரு கம்பெனி நடத்திய பயிற்சிக்குப் போய் வாங்கியது. அங்கே பாதி நேரம் சாப்பாட்டுக்கும் டீக்குமே போயிற்று என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்தச் சான்றிதழைச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டி, சாமிக்கு வைத்தது போகப் பூ மிச்சமிருந்தால் அதற்கும் ஒரு துண்டு கிள்ளி வைப்பேன். யார் எந்த வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் என் வாயிலிருந்து முதலில் வருவது, “ஒரிஜினல்தான் போடணுங்க.” ஹார்ன் அடிக்கவில்லை என்று வந்தவனிடமும் அதைத்தான் சொன்னேன், பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தவனிடமும் அதைத்தான் சொன்னேன்.

அந்தக் கடைக்கு ஒரு நாள் அமிர்தம் அக்கா வந்தார். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற ரோட்டில் ஓர் ஊர். வீட்டுக்காரர் இறந்து அதிக நாள் ஆகவில்லை. அவர் விட்டுப்போனது ஒரு லாரியும் இரண்டு பெண் பிள்ளைகளும். லாரி மாமனார் காலத்தது. முன்பக்கம் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் பழைய மாடல். மரக்காணத்து உப்பளங்களிலிருந்து உப்பு ஏற்றுகிற வண்டி. உப்பு வண்டி என்றாலே நம் ஆட்கள் வேறு வேலை இருக்கிறது என்று நழுவிவிடுவார்கள். உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி வயருக்குள்ளே செம்பு பச்சை பூத்துப்போயிருக்கும். வளைத்தால் முறுக்கு மாதிரி உடையும்.

கூட வந்தவர் கோதண்டம். மாமனார் காலத்திலிருந்தே அந்த வண்டியை ஓட்டுகிற டிரைவர். அவர் வாசலிலேயே நின்றுகொள்ள, அக்கா பெஞ்சில் உட்கார்ந்து நேராக விஷயத்துக்கு வந்தார்.

“தம்பி, மாசி மகத்துக்கு எங்க ஊரு அம்மன் கடலுக்குக் குளிக்கப் போவும். எங்க மாமனாரு வண்டி வாங்குன நாள்லேர்ந்து எங்க வண்டிலதான் போய்க்கினு இருக்குது. போன வருஷம் அம்மன் மேல உக்காந்திருக்கும்போதே டேஷ்போர்டுல பொகை வந்துடுச்சி. எங்க கொழுந்தனாரு ராஜாங்கம் இப்ப புதுசா லாரி எடுத்திருக்காரு. இனிமே அம்மன் என் வண்டிலதான் ஏறணும்ன்றாரு. ஊர்ல பேசி வெச்சிட்டாங்க. மகத்தன்னைக்கு எங்க வண்டி வழியில நிக்காம, பொகையாம போய்த் திரும்புனா எங்களுக்கு. இல்லன்னா அவுருக்கு. ஒரு தபா அவுருக்குப் போச்சின்னா அப்புறம் திரும்பி வராது.”

“சாமி யாரு வண்டில போனா இன்னாக்கா?” என்று கேட்டேன். சான்றிதழ் வாங்கியவன் அல்லவா.

வாசலில் நின்ற கோதண்டம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அக்காதான் பதில் சொன்னார்.

“அம்மன் ஏறுற வண்டிக்குத்தான் உப்பளத்துல மொதல் லோடு குடுப்பாங்க தம்பி. அது அவங்களுக்கு ஒரு ராசி. அந்த லோடுலதான் எங்க அடுப்பு எரியுது. அது கொழுந்தனாருக்குப் போயிட்டா நான் வண்டிய வித்துட்டு அதே உப்பளத்துல உப்பு வாரத்தான் போவணும்.”

வண்டியை வெளியே போய்ப் பார்த்தேன். பார்த்தேன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வயரிங் மொத்தமும் போய்விட்டது, புது செட் போடாமல் தீராது என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. எந்த செட் என்பதில்தான் பேச்சு வந்தது. திண்டிவனத்துக் காயலாங்கடையில் இதே மாடல் லாரி ஒன்று பிரித்துப் போட்டிருக்கிறது, அதிலிருந்து உருவிக்கொள்ளலாம் என்றார் கோதண்டம். பழைய செம்பு கெட்டி என்பது அவர் கட்சி. இன்னொரு வழி, அந்த வட்டாரத்தில் எல்லோரும் செய்வது. வயரைச் சுருள் சுருளாக வாங்கி, வண்டியிலேயே அளந்து வெட்டி, கையால் கட்டி டேப் சுற்றுவது. இரண்டையும் கேட்டு நான் சிரித்தேன். சான்றிதழைப் பார்த்துக்கொண்டு சிரித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

“ஒரிஜினல்தான் போடணுங்க,” என்றேன்.

வண்டியின் கேபினுக்குள் ஒரு சின்னத் தகட்டில் மாடல் நம்பர் அடித்திருந்தது. அதை எழுதிக்கொண்டு மெட்ராசுக்குப் போனேன். அவ்வளவு பழைய வண்டிக்குக் கம்பெனி செட் யார் வைத்திருப்பார்கள்? கடை கடையாக ஏறி இறங்கினேன். சில கடைகளில் நான் நம்பரைச் சொன்னதுமே உள்ளே இருக்கிற ஆளைக் கூப்பிட்டு, இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிரித்தார்கள். கடைசியில் ஒரு பழைய பார்ட்ஸ் கடையின் பரணில், மெழுகுத் தாளில் சுற்றியபடியே, பிரிக்காத செட் ஒன்று கிடைத்தது. மேலே ஒட்டியிருந்த அட்டையில் நம்பர். என் கையிலிருந்த நம்பரும் அதுவும் ஒன்று. எனக்கு அந்த நிமிஷம் உண்டான சந்தோஷம் என் கல்யாணத்தில்கூட உண்டாகவில்லை. இதை என் மனைவி படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். எதிரே உட்கார்ந்தவர் கைக்குழந்தையோ என்று நினைத்து இடம் விட்டார். விழுப்புரத்தில் இறங்கியதும், வண்டி போய் நிற்கிற திண்டிவனத்துக்கு நேராகப் போய் வேலையை ஆரம்பித்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? மெழுகுத் தாளைப் பாதி பிரித்து, கடையில் எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்கவிட்டேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து எலக்ட்ரீஷியன்கள் வந்து பார்த்தார்கள். டிரைவர்கள் வந்து பார்த்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் டீ சொன்னேன். அக்கா ஆள் விட்டபோதெல்லாம், “ஒரிஜினலுக்கு இன்னா அவசரம், மாட்டுனா அப்படியே உக்காந்துக்கும், ஒரு நாள் வேலை,” என்று சொல்லி அனுப்பினேன். இப்படியே நாள் போய், மாசி மகத்துக்கு முதல் நாள் காலையில்தான் திண்டிவனம் போய்ச் சேர்ந்தேன்.

வண்டி அங்கே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டிக்குப் பக்கத்தில் ஒரு ஷெட்டில் நின்றது. போனதும் பழைய வயரிங்கை மொத்தமாக உருவி எடுத்துக் கீழே போட்டேன். நம் தொழிலில் ஒரு வழக்கம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். கழற்றிய பழைய வயர் வண்டிக்காரருக்குச் சொந்தம் இல்லை, கூட இருந்து வேலை செய்கிறவருக்குச் சொந்தம். அவர் அதைக் கொளுத்தி, மேல் தோல் எரிந்ததும் உள்ளே இருக்கிற செம்பைக் காயலாங்கடையில் போட்டு டீ குடிப்பார்.

“இத நான் எடுத்துக்கட்டுமா தம்பி?” என்றார் கோதண்டம்.

“எடுத்துக்குங்கண்ணா. இனிமே அது குப்பை,” என்றேன் பெருந்தன்மையாக.

அவர் அதைச் சுருட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் பின்னால் போனார். நான் புது செட்டை விரித்து, ஒரு முனையை டேஷ்போர்டில் வைத்து மறு முனையை முன்னால் கொண்டுபோனேன். ஹெட்லைட்டுக்குப் போக வேண்டிய வயர் பாதி பானெட்டில் நின்றுவிட்டது. இழுத்துப் பார்த்தேன். வயர் இழுத்தால் நீளுமா? ஹார்னுக்குப் போக வேண்டியது டிரைவர் காலடியில் சுருண்டு கிடந்தது. டைனமோவுக்கு என்று வந்த முனை நின்ற இடத்தில் டைனமோவே இல்லை. அது எஞ்சினுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

அப்போதுதான் அந்த வண்டியை முதல் முறையாகப் பார்த்தேன். முன்பு பார்த்தது தகட்டை. கம்பெனியிலிருந்து வரும்போது பெட்ரோல் எஞ்சினாக இருந்ததை மாமனார் காலத்திலேயே கழற்றி, வேறு எதிலிருந்தோ ஒரு டீசல் எஞ்சினைத் தூக்கி வைத்திருந்தார்கள். கேபின் துருப்பிடித்து உதிர்ந்தபோது திண்டிவனத்திலேயே புதுக் கேபின் கட்டி, பழைய தகட்டை மட்டும் அதில் மாற்றி அடித்து, கால் நீட்ட இடம் வேண்டுமென்று பின்னுக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். சீட்டுக்கு அடியில் இருந்த பேட்டரி சேசியின் பக்கவாட்டுக்குப் போயிருந்தது. மீட்டர் போர்டு இன்னொரு லாரியுடையது. அந்த வண்டியில் அந்த மாடல் என்று சொல்லக்கூடியது அந்தத் தகடு ஒன்றுதான். நான் அந்தத் தகட்டுக்குத்தான் வயரிங் செட் வாங்கியிருந்தேன்.

பரவாயில்லை, பழைய செட்டைப் பக்கத்தில் வைத்து எது எங்கே போகிறது என்று பார்த்து ஒட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று ஷெட்டுக்குப் பின்னால் ஓடினேன். கோதண்டம் குந்தி உட்கார்ந்து குச்சியால் நெருப்பைக் கிளறிக்கொண்டிருந்தார்.

“எங்கண்ணா அந்தப் பழைய செட்டு?”

“தோ,” என்று குச்சியால் காட்டினார். சாம்பலுக்கு நடுவே ஒரு கறுப்புக் கொத்து. “பாதி பச்சை பூத்துப்போச்சி. மீதி கெட்டி செம்பு தம்பி. நான்தான் சொன்னேனே.”

அந்த வண்டியில் எந்த வயர் எங்கிருந்து எங்கே போயிற்று என்று காட்டக்கூடிய ஒரே பொருள் அது. முழுசாகக் கையால் கட்ட வேண்டுமானால் ஒன்றரை நாள் வேலை. என் கையில் இருந்தது அரை நாள். மறுநாள் விடிந்ததும் வண்டி கோயில் வாசலில் நிற்க வேண்டும்.

இந்த இடத்தில் நிதானமானவன் வேலையை நிறுத்திவிட்டு ஒரு டீ குடித்திருப்பான். நான் ஒட்டுப் போட ஆரம்பித்தேன். நினைவை நம்பி, அதைவிடச் சான்றிதழை நம்பி, குறைந்த இடத்தில் சேர்த்தேன், மிஞ்சிய இடத்தில் மடித்தேன். மத்தியானம் சாய்ந்த நேரத்தில் எல்லாம் முடிந்த மாதிரி இருந்தது. அதற்குள் அமிர்தம் அக்கா பஸ்ஸில் வந்துவிட்டார், வண்டிக்குக் கட்ட மாலையோடு. பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் ராஜாங்கமும் ஊர்ப் பெரியவர் ஒருவரும். வண்டி தயாரா என்று பார்க்க வந்தார்களாம். எல்லோருக்கும் முன்னால் ஹெட்லைட் சுவிட்சைப் போட்டேன்.

ஹார்ன் அடித்தது.

சுவிட்சை அணைத்தேன். ஹார்ன் நிற்கவில்லை. மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் யாரோ வழி கேட்கிறார்கள் என்று ஒதுங்கி நின்று பார்த்தார்கள். நான் டேஷ்போர்டுக்குள் கையை விட்டேன். வைப்பர் ஆட ஆரம்பித்தது. அந்த வண்டியில் வைப்பர் வேலை செய்து பார்த்ததே இல்லை என்று கோதண்டம் பிற்பாடு சொன்னார். அடுத்த நிமிஷம் டேஷ்போர்டிலிருந்து வெள்ளையாகப் புகை எழும்பி வந்தது. ஓடிப்போய்ப் பேட்டரி முனையைப் பிடுங்கினேன். சத்தம் நின்றது. மெட்ராசிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த வயரிங், நடு இடத்தில் உருகி ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தது.

ராஜாங்கத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “இன்னா அண்ணி, அம்மன தீமிதிக்கு அனுப்பறீங்களா, தீர்த்தவாரிக்கு அனுப்பறீங்களா?” என்றார். பெரியவர் குனிந்து உருகிய வயரைப் பார்த்தார்.

அக்கா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் மாலையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மல்லாட்டை மூட்டைமேல் உட்கார்ந்தார். நான் கடையில் டீ வாங்கிக் கொடுத்துப் பீற்றிக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும் அப்போது என் கண் முன்னால் வந்தது. எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க ஆல்டர்னேட்டர், டைனமோ, எர்த்து என்று என்னென்னவோ விளக்க ஆரம்பித்தேன்.

“அதெல்லாம் எனக்கு வாணாம் தம்பி,” என்றார் அக்கா. “நாளைக்கு வண்டி நிக்குமா? பொகையுமா? அத மட்டும் சொல்லு.”

எனக்கு எரிச்சல். என்மேலேயே எரிச்சல். “வயருன்னு ஒண்ணு இருந்தாத்தானேக்கா பொகையும்!” என்று கத்திவிட்டேன்.

கத்தியபின்தான் நான் சொன்னது எனக்கே கேட்டது.

தம்பிகளே, டீசல் எஞ்சினுக்கு, அதுவும் அந்தக் காலத்து டீசல் எஞ்சினுக்கு, ஒரு தடவை கிளப்பிவிட்டால் அப்புறம் கரண்டே வேண்டாம். டீசலும் காற்றும் போதும். அணைக்கிறதுக்குக்கூட ஒரு கம்பியை இழுத்தால் போதும். இது அன்றைக்கு எனக்குத் தெரியாததா? நன்றாகத் தெரியும். லாரி டிரைவர் எல்லோருக்கும் தெரியும். ஆனால் வயர் இல்லாமல் ஒரு வண்டி ஓடும் என்று நினைத்துப் பார்க்க எலக்ட்ரீஷியனுக்கு மனசு வராது. அப்படியானால் தான் எதற்கு என்ற கேள்வி வந்துவிடும் அல்லவா. காலையிலிருந்து நான் யோசித்துக்கொண்டிருந்தது இந்த செட்டை எப்படிக் காப்பாற்றுவது என்று. அக்காவுக்கு வேண்டியிருந்தது செட் இல்லை. ஊரார் கேட்டதும் விளக்கு எரிய வேண்டும் என்று இல்லை. நிற்கக் கூடாது, புகையக் கூடாது, அவ்வளவுதான்.

கட்டிங் பிளேயரை எடுத்து, போட்ட அத்தனை வயரையும் வெட்டி வெளியே இழுத்தேன். ஒன்றுகூட விடவில்லை. பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு ஒரே ஒரு தடித்த கேபிள். கிளப்புகிற வரைக்கும் அது இருக்கும், கிளம்பியதும் அதையும் கழற்றிவிடுவது.

“லைட்டு இல்லாத வண்டிலயா அம்மன ஏத்தப் போறீங்க?” என்றார் ராஜாங்கம்.

“காலைல போறோம், மத்தியானம் திரும்பறோம்,” என்றார் அக்கா, எழுந்து மாலையை உதறிக்கொண்டு. “வெயில்ல எதுக்கு லைட்டு?”

பெரியவர் வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். “நிக்கக் கூடாது, பொகையக் கூடாதுன்னுதான பேசுனோம்,” என்று மட்டும் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறினார்.

மறுநாள் விடிந்தபோது வண்டி கோயில் வாசலில் நின்றது. அம்மனை ஏற்றி, வாழைமரம் கட்டி, கற்பூரம் காட்டினார்கள். நான் கேபிளை வைத்தேன், எஞ்சின் கிளம்பியது, கேபிளைக் கழற்றித் துண்டில் சுற்றி என் மடியில் வைத்துக்கொண்டு கோதண்டத்துக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். அந்த வண்டியில் அப்போது ஒரு சொட்டுக் கரண்ட் கிடையாது. ஹார்னுக்குப் பதில் பம்பைக்காரர்கள் இருவரை மட்கார்டு மேல் உட்கார வைத்தோம். ரோட்டில் யாராவது குறுக்கே வந்தால் அவர்கள் ஓங்கி அடித்தார்கள். எந்தக் கம்பெனி ஹார்னுக்கும் மாடுகள் அவ்வளவு மரியாதை கொடுத்து நான் பார்த்ததில்லை.

கடல் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. கடற்கரையில்தான் பேஜாரு. நாலா பக்கத்து ஊர்ச் சாமிகளும் வந்து இறங்கி, முன்னால் போகவும் முடியாமல் பின்னால் வரவும் முடியாமல் வண்டிகள் அடைத்துக்கொண்டன. கோதண்டம் எஞ்சினை அணைக்காமல் காவல் காத்தார். அம்மன் குளித்து, அலங்காரம் முடிந்து, நாங்கள் கூட்டத்திலிருந்து வெளியே வந்தபோது பொழுது இறங்கிவிட்டது. கொஞ்ச தூரத்திலேயே ரோடு மங்கலாகிவிட்டது. நிலா இன்னும் எழும்பவில்லை. கோதண்டம் வண்டியை ஊர விட்டார். “தம்பி, எதுவும் தெரியல,” என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தக் கூட்டத்தில் எலக்ட்ரீஷியன் நான் ஒருவன்தான்.

வண்டியை நிறுத்தினால் அக்கா தோற்றார். நிறுத்தாவிட்டால் வயலில் இறங்கும். எனக்கு யோசனை வந்தது என்று பெருமையாகச் சொல்ல ஆசைதான். எனக்குப் பயம்தான் வந்தது. அந்தப் பயத்தில், ஊர்ந்துகொண்டிருந்த வண்டியிலிருந்து குதித்துப் பின்னால் ஓடினேன். பின்னால் ஊர் ஜனத்தை ஏற்றிக்கொண்டு வந்தது ராஜாங்கத்தின் புது லாரி. அதன் ஹெட்லைட் இரண்டும் ஜகஜ்ஜோதியாக எரிந்தன. அக்கா தோற்க வேண்டும் என்று காத்திருக்கிற மனிதரிடம் உதவி கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது? கெஞ்சினால் நடக்காது என்று தெரிந்தது. ஆனால் பீற்றிக்கொள்கிறவன் மனசு இன்னொரு பீற்றிக்கொள்கிறவனுக்குத் தெரியும்.

“அண்ணா, உங்க வண்டிய ஜல்தியா முன்னால உடுங்க. ஊருக்குள்ள நீங்க மொதல்ல போங்க,” என்றேன்.

“அம்மனுக்கு முன்னால நானா?” அவர் முகத்தில் வந்த வெளிச்சம் ஹெட்லைட்டை விட ஜாஸ்தி.

“புது வண்டி முன்னால போனாத்தாண்ணா அழகு.”

அவர் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. ஹார்ன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டி முன்னால் போனார். அவர் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு கோதண்டம் பின்னாலேயே ஓட்டினார்.

ஊர் எல்லையில் ஆரத்தித் தட்டோடு பெண்கள் நின்றிருந்தார்கள். ராஜாங்கத்தின் லாரி கம்பீரமாக உள்ளே நுழைந்தது. ஜனங்கள் இரண்டு பக்கமும் விலகி வழிவிட்டார்கள். யாரும் தட்டை நீட்டவில்லை. “தீவட்டி வந்துடுச்சி, தள்ளி நில்லுங்க, அம்மன் பின்னால வருது,” என்று ஒரு பெரியவர் கூட்டத்தை ஒழுங்குபடுத்தினார். ராஜாங்கத்தின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் சிரித்திருக்க மாட்டேன். தகட்டில் நம்பர் பார்த்து வயரிங் வாங்கியவனுக்கு அவரைப் பார்த்துச் சிரிக்க யோக்கியதை கிடையாது.

பின்னால் அம்மன் வந்தாள். அன்றைக்குப் பௌர்ணமி. கடல் பக்கத்திலிருந்து நிலா எழும்பி அம்மனுக்குப் பின்னால் நின்றது. வண்டியில் ஒரு சின்ன விளக்குக்கூட இல்லை. இருட்டான லாரிக்கு மேலே அம்மன் மட்டும் தெரிந்தாள். பெண்கள் குலவை போட்டார்கள். “லைட்டே இல்லாம வர்றா பாரு,” என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. ஆனால் அவர்கள் அதைக் குறையாகச் சொல்லவில்லை என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. கோயில் வாசலில் வந்து நின்றதும் கோதண்டம் கம்பியை இழுத்து எஞ்சினை அணைத்தார். அக்கா கீழே இறங்கி, வண்டியின் மூக்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். நானும் கொஞ்சம் அழுதேன். கேட்டவர்களிடம் டீசல் புகை என்றேன்.

அதன் பிறகு அந்த வண்டிக்கு நானே கையால் செட் கட்டினேன். அதற்கு முதலில் வண்டியைச் சுற்றி வந்தேன். தகட்டைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்தேன். எஞ்சின் எது, பேட்டரி எங்கே, டைனமோ எந்தப் பக்கம், எர்த்து எங்கே, எந்த இடத்தில் உப்புத் தண்ணீர் சொட்டும் என்று பார்த்து, வயர் போகிற வழியெல்லாம் சணல் கயிற்றை விட்டு அளந்தேன். அந்தக் கயிற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வயர் வெட்டினேன். நீங்களும் பழைய வண்டி எது வந்தாலும் அப்படியே செய்யுங்கள். கம்பெனி செட் மோசம் என்று நான் சொல்லவில்லை. கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிற வண்டிக்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் நம் பக்கத்தில் முப்பது வருஷம் ஓடிய வண்டி எதுவும் வந்தபடி இருப்பதில்லை. இன்னொன்று, புதுசு எரிந்து காட்டுகிற வரைக்கும் பழசை யாரிடமும் கொடுக்காதீர்கள், டீக்கு ஆசைப்பட்டு எவ்வளவு நல்ல மனிதர் கேட்டாலும். எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டிக்காரருக்கு நாளைக்கு என்ன நடக்க வேண்டும் என்று முதலில் கேளுங்கள். நம் சாமானைப் பற்றி அப்புறம் பேசலாம்.

தொழிலை விட்ட பிறகு, போன மாசி மகத்துக்கு அந்த ஊருக்குப் போயிருந்தேன். அம்மன் இப்போதும் அந்த வீட்டு வண்டியில்தான் போகிறாள். மூத்த பெண்ணின் வண்டி அது, புது லாரி, முன்பக்கம் முழுக்க விளக்கு. பொழுது சாய்ந்து திரும்பி வரும்போது பார்த்தேன். முன்னால் வேறொரு வண்டி விளக்குப் போட்டுக்கொண்டு போகிறது. அம்மன் ஏறிய லாரியில் ஒரு விளக்குக்கூட எரியவில்லை. கெட்டுப்போய்விட்டதோ என்று எனக்குக் கை துறுதுறுத்தது. பக்கத்தில் நடந்த இளைஞரைக் கேட்டேன்.

“அது ஐதீகம் பெரியவரே. எங்க அம்மன் ஏறுன வண்டில லைட்டு போடக் கூடாது. எந்தக் காலத்துலயோ எலக்ட்ரீஷன் ஒருத்தன் லைட்டு போட்டுத் தர்றேன்னு வந்தானாம். அம்மனே அத்தினி வயரையும் எரிச்சிட்டாளாம்.”

“அந்த எலக்ட்ரீஷன் இன்னா ஆனான்?”

“ராவோட ராவா ஊர உட்டே ஓடிட்டானாம்.”

லாரியின் கேபினில் அமிர்தம் அக்கா உட்கார்ந்திருந்தார், தலை முழுக்க நரைத்துப்போய். நாங்கள் பேசியது அவர் காதில் விழுந்திருந்தது. கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டு, நெற்றியில் குங்குமம் வைத்து, காதருகே குனிந்தார்.

“சொல்லிக்கினு திரியாத தம்பி. லைட்டு இல்லாம வர்ற வண்டி எங்க வண்டிதான்னு இருக்கறதாலதான் இத்தினி வருஷமா அம்மன என் வண்டில ஏத்துன்னு எவனும் கேக்க வரல.”

ஊரின் பெயரை நான் எழுதாததற்குக் காரணம் அதுதான். நீங்களும் கேட்காதீர்கள்.